கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரியில் அறிவியல் படிக்க வரும் மாணவி எதிலிருந்து தொடங்க வேண்டும்?

ஃப்ரீமாண்ட்டில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய மகள் வரும் ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேராகச் செல்லாமல் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூலக்கூறு உயிரியல் படிப்பதற்காகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் அல்லது சான் டியேகோ வளாகத்துக்கு மாற விரும்புகிறாள். பள்ளியில் பத்தாம் வகுப்பில் வேதியியலும் பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்துக்கு முந்தைய கணிதமும் படித்திருக்கிறாள். முதல் பருவத்துக்கென்று அவள் கொண்டுவந்த பட்டியலில் உளவியல், கலை வரலாறு, புள்ளியியல், பொது உயிரியல், உடல்நலக் கல்வி ஆகிய ஐந்து பாடங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியல் சரியா, சமுதாயக் கல்லூரி தரும் ஈராண்டு அசோசியேட் பட்டம் வாங்கியே ஆக வேண்டுமா என்பவை தாயாரின் இரு கேள்விகள்.

பட்டியல் தவறானது அன்று. அது வேறொரு மாணவிக்கு உரிய பட்டியல். எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாத ஒருவருக்கு, எல்லாத் துறையினருக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடித்துக்கொள்வது நல்ல அறிவுரைதான். ஆனால் வேதியியல், உயிரியல், பொறியியல் என்று துறையை ஏற்கெனவே தேர்ந்துவிட்ட மாணவிக்கு அதே அறிவுரை ஓர் ஆண்டு இழப்பில் கொண்டுபோய் விடும். காரணம், கலை வரலாற்றை எந்தப் பருவத்திலும் படிக்கலாம். கரிம வேதியியலை அப்படிப் படிக்க முடியாது.

அறிவியல் பாடங்கள் சங்கிலியாக அமைந்தவை. உங்கள் மகளின் துறைக்கு மிக நீளமான சங்கிலி வேதியியல். பொது வேதியியல் இரண்டு பருவம், அதைத் தொடர்ந்து கரிம வேதியியல் இரண்டு பருவம். ஒன்றில் 'சி' தரமாவது பெற்றால்தான் அடுத்ததில் சேர முடியும். கல்லூரியில் அவளுக்கு இருப்பவை நான்கு முதன்மைப் பருவங்கள். ஆகவே முதல் இலையுதிர்ப் பருவத்திலேயே பொது வேதியியலின் முதல் பாகத்தில் அமர்ந்தால்தான் நான்காம் பருவத்தின் முடிவில் கரிம வேதியியலின் இரண்டாம் பாகத்தை முடிக்க முடியும். இடையில் ஓய்வுக்கு இடமே இல்லை. மேலும், சிறிய கல்லூரிகள் பல கரிம வேதியியலின் முதல் பாகத்தை இலையுதிர்ப் பருவத்தில் மட்டும், இரண்டாம் பாகத்தை வசந்தப் பருவத்தில் மட்டும் நடத்துகின்றன. எனவே ஒரு பருவம் தாமதமாகத் தொடங்கினால் போவது ஒரு பருவம் அன்று, ஓர் ஆண்டு. உளவியலும் கலை வரலாறும் படித்துக்கொண்டு "வேதியியலை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலும் அதே கல்லூரியில் இருப்பதற்கு பெரும்பாலும் இதுவே காரணம்.

அவள் பள்ளியில் வேதியியல் படித்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இங்கே ஒரு சிக்கல் எழலாம். பொது வேதியியலில் நேரடியாகச் சேர, சில கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணை ஏற்கும். சில ஒரு தகுதித் தேர்வை வைக்கும். இரண்டிலும் தேறாதவர்களை அறிமுக வேதியியல் என்ற முன்தேவைப் பாடத்துக்கு அனுப்பும். அந்தப் பாடம் இலையுதிர்ப் பருவத்தில் விழுந்தால் நான்கு பருவச் சங்கிலி ஐந்தாக நீண்டுவிடும். ஆகையால், தேவைப்படும் என்று தெரிந்தால் பள்ளி முடிந்த அந்தக் கோடையிலேயே அதை முடித்துவிடுவது நல்லது. ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஒரு பருவத்தின் பாடத்தைப் படிப்பது கடினம்தான் என்றாலும், அறிமுக வேதியியல் அந்த வேகத்தைத் தாங்கும். கரிம வேதியியலைக் கோடையில் படிக்கத் துணிவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கணிதத்தைப் பொறுத்தவரை நிலைமை சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. முன்பெல்லாம் நுழைவுத் தேர்வு ஒன்றை வைத்து மாணவர்களை இயற்கணிதத்தின் தொடக்க வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து நுண்கணிதத்துக்கு ஏறி வருவதற்குள் பலர் படிப்பையே விட்டுவிடுவார்கள். 2017-ல் வந்த 705 எண் சட்டமும், 2022-ல் அதை வலுப்படுத்திய 1705 எண் சட்டமும் அந்த ஏணியின் கீழ்ப்படிகளை அகற்றிவிட்டன. இப்போது பள்ளிப் பதிவேடே இடம் ஒதுக்கும் அளவுகோல். உங்கள் மகள் நுண்கணிதத்துக்கு முந்தைய பாடத்தை முடித்திருப்பதால் முதல் பருவத்திலேயே நுண்கணிதம் ஒன்றில் சேரலாம். பல கல்லூரிகள் அதனுடன் கூடுதல் துணை வகுப்பு ஒன்றையும் தருகின்றன. அதைத் தண்டனையாக எண்ணாமல் எடுத்துக்கொள்வது நல்லது. உயிரியல் மாணவர்களுக்கென்று சுருக்கப்பட்ட நுண்கணிதம் ஒன்று சில கல்லூரிகளில் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கும், எது ஏற்காது என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், பொறியியல் மாணவர்கள் படிக்கும் முழு நுண்கணிதத்தையே எடுத்துவிட்டால் எந்தக் கதவும் மூடாது. பட்டியலில் உள்ள புள்ளியியல் பயனற்றது அன்று. உயிரியல் துறைகள் அதையும் கேட்பதுண்டு. ஆனால் அது நுண்கணிதத்தின் இடத்தை நிரப்பாது.

இனி, அந்தப் பட்டியலில் என்னை மிகவும் உறுத்திய பாடத்துக்கு வருகிறேன்: பொது உயிரியல். சமுதாயக் கல்லூரியின் பாட அட்டவணையில் உயிரியல் என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வகைப் பாடங்கள் இருக்கும். ஒன்று, அறிவியல் துறை அல்லாத மாணவர்கள் பொதுக்கல்விக் கடமைக்காகப் படிப்பது. இரண்டு, செவிலியர் படிப்புக்குச் செல்வோருக்கான உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல். மூன்றாவது, உயிரியலையே முதன்மைத் துறையாகக் கொள்வோருக்கான இரண்டு அல்லது மூன்று பாடங்கள் கொண்ட வரிசை. மூன்றாவது வகையின் முதல் பாடத்துக்குப் பல கல்லூரிகள் பொது வேதியியலை முன்தேவையாக வைத்திருக்கின்றன. அதனால்தான் முதல் பருவத்தில் அது கிடைக்காமல், முதல் வகை அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதல் வகையில் முதல் தரம் வாங்கினாலும் டேவிஸின் உயிரியல் துறைக்கு அது ஒரு செங்கல்லைக்கூடச் சேர்க்காது. இயற்பியலிலும் இதே கதைதான். நுண்கணிதம் சார்ந்த இயற்பியல், முக்கோணவியலோடு நிற்கும் இயற்பியல், கருத்தளவில் மட்டும் சொல்லித்தரும் இயற்பியல் என்று மூன்று இருக்கும். பாடத்தின் பெயரைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த எண் எதற்குச் செல்லும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பாட ஒப்பந்தங்கள் அனைத்தும் அசிஸ்ட் என்ற இணையத் தொகுப்பில் இருக்கின்றன. கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, சேர விரும்பும் வளாகம், துறை ஆகிய நான்கையும் தேர்ந்தால் ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும், எதிர்ப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரியின் பாடமும் வரும். டேவிஸுக்கு ஒன்று, சான் டியேகோவுக்கு ஒன்று என்று இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கட்டாயம் என்று குறித்தவற்றையும் பரிந்துரை என்று குறித்தவற்றையும் வெவ்வேறு நிறத்தில் கோடிடுங்கள். கரிம வேதியியலையும் இயற்பியலையும் சேர்க்கைக்கு முன்பே எந்த அளவுக்குக் கேட்கிறார்கள் என்பதில் வளாகத்துக்கு வளாகம் வேறுபாடு உண்டு. உங்கள் மகளின் நான்கு பருவங்கள் எவ்வளவு இறுக்கமாக அமையும் என்பதை அந்த வேறுபாடே முடிவு செய்யும்.

அந்த ஒப்பந்தத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு சொல் 'மற்றும்'. பல்கலைக்கழகத்தின் மூன்று பாடங்களுக்கு ஈடாக உங்கள் கல்லூரியின் இரண்டு பாடங்கள் 'மற்றும்' என்ற சொல்லால் பிணைக்கப்பட்டிருந்தால், இரண்டையும் முடித்தால்தான் மூன்றும் கிடைக்கும். ஒன்றை மட்டும் முடித்தால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இது மிகவும் முக்கியம். ஃப்ரீமாண்ட்டின் ஓலோனி, சாண்டா கிளாராவின் மிஷன் போன்றவை ஆண்டுக்கு இரண்டு பருவ முறையில் இயங்குபவை. கூப்பர்டினோவின் டி அன்சாவும் அருகிலுள்ள ஃபுட்ஹில்லும் காலாண்டு முறையில் இயங்குபவை. பருவ முறையில் இரண்டு பாகமாக முடியும் பொது வேதியியல், காலாண்டு முறையில் மூன்று பாகம். ஓரிடத்தில் இடம் கிடைக்கவில்லை என்று முதல் பாகத்தை டி அன்சாவில் படித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்கு ஓலோனிக்கு வந்தால், நடுவில் கொஞ்சம் பாடம் எந்தப் பக்கத்திலும் சேராமல் விட்டுப்போகும். பொதுக்கல்விப் பாடங்களை எங்கு வேண்டுமானாலும் சிதறவிட்டுப் படிக்கலாம். அறிவியல் வரிசை ஒன்றைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிக்க வேண்டும்.

யூனிட் கணக்கைப் பெற்றோர் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். பருவ முறையில் 12 யூனிட் எடுத்தால் முழுநேர மாணவர்; 15 எடுத்தால் இரண்டு ஆண்டில் 60 ஆகிவிடும். கணக்கு எளிமையாகத் தோன்றும். ஆனால் ஒரு யூனிட் என்பது விரிவுரையானால் வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆய்வகமானால் மூன்று மணி நேரம். பொது வேதியியல் ஐந்து யூனிட் என்றால் மூன்று மணி விரிவுரையும் ஆறு மணி ஆய்வகமும் சேர்த்து வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் கல்லூரியிலேயே கழியும். உளவியல், வரலாறு, கலை என்று ஐந்து மூன்று-யூனிட் பாடங்கள் எடுப்பவர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பில் இருப்பார். வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுப்பவர் அதே பதினைந்து யூனிட்டுக்கு இருபது மணி நேரத்துக்கும் மேல் இருக்க வேண்டியிருக்கும். வீட்டுப் பாடமும் ஆய்வக அறிக்கையும் தனி. பகுதிநேர வேலைக்கும் செல்லும் பிள்ளையென்றால் இதில் எங்கே தூங்குவது?

உங்கள் மகளுக்கு நான் போடும் அட்டவணை ஏறத்தாழ இப்படி இருக்கும். முதல் பருவத்தில் பொது வேதியியல் ஒன்று, நுண்கணிதம் ஒன்று, ஆங்கிலக் கட்டுரை. இரண்டாம் பருவத்தில் பொது வேதியியல் இரண்டு, நுண்கணிதம் இரண்டு, துறை மாணவர்களுக்கான உயிரியலின் முதல் பாடம். இடைப்பட்ட கோடையில் விமர்சனச் சிந்தனைக்கான இரண்டாம் ஆங்கிலப் பாடமும் சமூக அறிவியல் ஒன்றும். மூன்றாம் பருவத்தில் கரிம வேதியியல் ஒன்று, உயிரியலின் இரண்டாம் பாடம், இயற்பியல் ஒன்று. நான்காவதில் கரிம வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, எஞ்சிய ஏதேனும் ஒரு பொதுக்கல்விப் பாடம். மூன்றாம் பருவத்தில் மூன்று ஆய்வகங்கள் குவிவதைக் கவனித்திருப்பீர்கள். மாணவர்கள் சறுக்குவது அங்கேதான். அசிஸ்ட் ஒப்பந்தத்தில் இயற்பியல் பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை என்று இருந்தால், நான் அதையே தூக்கிப் பின்னுக்குத் தள்ளுவேன். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு படித்துக்கொள்ளலாம். கட்டாயம் என்று இருந்தால் மூன்று ஆண்டுத் திட்டமாக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர்தான்; 2012 முதல் அது உயரவில்லை. கூடுதலாக ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டதற்காகப் பல்கலைக்கழகம் எவரையும் தள்ளுவதில்லை. துறைப் பாடங்களில் 'சி' வரிசை கட்டி நிற்பதற்காகத் தள்ளும்.

பொதுக்கல்விக்கு இவ்வளவு குறைந்த இடம் தருவது சரியா என்று கேட்பீர்கள். 2025 இலையுதிர் காலம் முதல் புதிதாகச் சேர்வோருக்கு கால்-கெட்சி என்ற ஒரே பொதுக்கல்வித் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2021-ல் வந்த 928 எண் சட்டத்தின் விளைவாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவாக உருவாக்கப்பட்டது அது. பதினொரு பாடங்கள், 34 யூனிட்: ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, பேச்சுத்திறன், கணிதம், கலை மற்றும் இலக்கியம், தத்துவம் போன்ற மானுடப் பாடங்கள் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, ஆய்வகத்துடன் அறிவியல் இரண்டு, இனக்குழுக் கல்வி ஒன்று. இதில் கணிதமும் அறிவியலும் துறைப் பாடங்களாலேயே நிறைந்துவிடும். ஆனால் இந்தத் திட்டத்தை முழுமையாக முடிப்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நிபந்தனை அன்று. அதன் குறைந்தபட்ச நிபந்தனை ஏழு பாடங்கள்தான்: ஆங்கிலம் இரண்டு, கணிதம் ஒன்று, மற்ற நான்கு கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றுள் குறைந்தது இரு பிரிவுகளிலிருந்து. கணக்கிட்டுப் பாருங்கள்: அறிவியல் மாணவி ஒருத்திக்குத் துறைப் பாடங்களுக்கு வெளியே இரண்டு ஆங்கிலமும் வேறு ஒரே ஒரு பாடமும் போதும். மீதியை மாறிச் சென்ற பிறகு அந்த வளாகத்தின் விதிப்படி முடித்துக்கொள்ளலாம். அதிக யூனிட் கொண்ட அறிவியல், பொறியியல் துறைகளுக்குத் துறை ஆயத்தப் பாடங்களே முதன்மை என்று பல்கலைக்கழகமே சொல்கிறது.

ஒரு விலக்கு உண்டு. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றையும் மாற்று ஏற்பாடாக வைத்திருந்தால், ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, பேச்சுத்திறன், கணிதம் ஆகிய நான்கையும் சேர்வதற்கு முந்தைய வசந்தப் பருவத்துக்குள் முடித்திருக்க வேண்டும். முதல் இரண்டும் கணிதமும் எப்படியும் நடந்துவிடும். எனவே பேச்சுத்திறன் என்ற ஒரு பாடத்தைக் கோடையில் செருகிக்கொண்டால் இரண்டு வழிகளும் திறந்திருக்கும்.

இப்போது பட்டம் பற்றிய கேள்வி. சமுதாயக் கல்லூரியின் அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட், 4.0-க்கு 2.0 சராசரி மதிப்பெண், துறையில் குறைந்தது 18 யூனிட், கல்லூரியின் பொதுக்கல்வி நிபந்தனைகள், அந்தக் கல்லூரியிலேயே படித்த குறைந்தது 12 யூனிட் ஆகியவை தேவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. மாற்றத்தக்க 60 யூனிட்டும் உரிய பாடங்களும் சராசரி மதிப்பெண்ணும் போதும். "கையில் ஒரு பட்டம் இருக்கட்டுமே" என்று நினைப்பது நம் வீடுகளில் இயல்பு. அதற்காகக் கரிம வேதியியலின் இடத்தில் உடல்நலக் கல்வியை வைத்தால் கிடைப்பது சட்டம் போட்டு மாட்டும் ஒரு தாள் மட்டுமே. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோருக்கு நிலைமை வேறு. 2010-ன் 1440 எண் சட்டத்தால் உருவான மாறுதலுக்கான அசோசியேட் பட்டம், அந்த அமைப்பில் எங்கேனும் ஓரிடத்தை உறுதி செய்வதோடு, இளநிலைப் பட்டத்தை மேலும் 60 யூனிட்டில் முடிக்கவும் வழி செய்கிறது. கல்லூரிப் படிப்போடு நின்று உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலைக்குச் செல்ல எண்ணினாலும் பட்டமோ சான்றிதழோ மதிப்புடையதுதான்.

சேர்க்கைக் காலக்கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பர் மாதங்களில் அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுத் திட்டத்தில் இருக்கும் மாணவியின் கையில் அப்போது இருப்பவை முதல் ஆண்டின் மதிப்பெண்களும் கோடை மதிப்பெண்களும் மட்டுமே. அதாவது பொது வேதியியலும் நுண்கணிதமும்தான் அவளுக்காகப் பேசும். மாநிலவாசிகளுக்குக் குறைந்தபட்சச் சராசரி 2.4 என்று எழுதியிருப்பது வாசற்படி மட்டுமே. உயிரியல் துறைகள் அதற்கு வெகு மேலே எதிர்பார்க்கும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவு செய்வோருக்கு முன்கூட்டியே இட உறுதி தருகின்றன. அதற்குச் செப்டம்பர் மாதத்தில், ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான் டியேகோவும் பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிசும் அந்த ஏற்பாட்டில் இல்லை. எனவே உங்கள் மகள் உறுதியை டேவிஸில் வைத்துக்கொண்டு சான் டியேகோவுக்குப் பொது விண்ணப்பம் போடுவதே பொருத்தம். அவள் விரும்பும் துறைக்கு டேவிஸ் அந்த ஆண்டில் உறுதி தருகிறதா, எவ்வளவு சராசரி கேட்கிறது என்பதை முதல் ஆண்டுக் கோடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண் பற்றி இரண்டு சொல் மட்டும். 'சி' வாங்கிய பாடத்தைத் தரம் உயர்த்துவதற்காகத் திரும்பப் படிக்க முடியாது. ஆகவே முதல் நடுத்தேர்வில் நிலைமை மோசமென்று தெரிந்தால், பருவத்தின் முக்கால் பகுதி கடப்பதற்குள் விலகி, விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' பெறுவது, ஒட்டிக்கொண்டிருந்து 'சி' வாங்குவதைவிடச் சில வேளைகளில் அறிவுடைமை. ஒரு 'டபிள்யூ' எவரையும் கெடுத்ததில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. துறைப் பாடம் எதையும் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்ற முறையில் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, இவ்வளவு திட்டத்தையும் கவிழ்க்கக்கூடியது பதிவு நாள். ஆய்வக வகுப்புகளில் மேசைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். பொது வேதியியல் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். அறிமுகக் கூட்டம், கணித இட ஒதுக்கீடு, ஆலோசகருடன் அமர்ந்து எழுதும் கல்வித் திட்டம் ஆகிய மூன்றையும் முடித்த புதிய மாணவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை உண்டு. ஆகையால் அவற்றை மே மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். பள்ளிப் பதிவேட்டைக் கொண்டு முன்தேவைக்கு முன்னதாகவே ஒப்புதல் வாங்கி வைக்கட்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் பதிவு நாளன்று கணினி அவளை உள்ளே விடாது. அப்படியும் இடம் கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு முதல் நாள் ஆய்வகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும். அன்று வராதவர்களை நீக்கிவிட்டு, வந்து நிற்பவர்களுக்குப் பேராசிரியர்கள் சேர்க்கைக் குறியீடு தருவது வழக்கம். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது ஐந்து பாடப் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு, கோடிட்ட இரண்டு அசிஸ்ட் ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டு போகட்டும்.